காட்டு ஓரத்து விவசாயியும் ரேஞ்சரும்



வழக்கமாக நான் பேச வந்தால் விதை நேர்த்தி, உரம், பூச்சி மருந்து என்றுதான் பேசுவேன். இன்றைக்குக் கொஞ்சம் வேறு விஷயம். மலை அடிவாரத்திலும் காட்டு ஓரத்திலும் வெள்ளாமை செய்கிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். மற்றவர்களும் கேட்டு வைத்துக்கொள்ளலாம். காட்டுப்பன்றி இப்போது காடே இல்லாத ஊர்களுக்கும் வந்துவிட்டது அல்லவா?

நம் வயலுக்கு வி.ஏ.ஓ. வருகிறார், மின்வாரியத்துக்காரர் வருகிறார், என் போன்ற விரிவாக்க அலுவலர் வருகிறார். காட்டு ஓரத்தில் இன்னொருவரும் வருகிறார். காக்கி உடுப்பு போட்ட ரேஞ்சர். தமிழில் வனச்சரக அலுவலர் என்று சொல்கிறோம். அவர் எப்போது வருகிறார்? தோட்டத்தில் யானை நின்றால் வருகிறார். நம் பேரில் புகார் இருந்தாலும் வருகிறார். முதல் தடவை வரும்போது அவரைக் கும்பிடுகிறோம். இரண்டாம் தடவை வந்தால் பின்வாசல் வழியாக ஓடுகிறோம். இரண்டுக்கும் நடுவில் அவருடைய வேலை என்ன, அதிகாரம் என்ன, நம்முடைய கடமை என்ன, உரிமை என்ன என்பது நம்மில் பல பேருக்குத் தெரியாது. அதைத்தான் இன்று விளக்கமாகப் பார்க்கப் போகிறோம்.

ரேஞ்சர் என்பவர் யார்?

ஒரு மாவட்டத்துக் காடு முழுவதற்கும் பொறுப்பு மாவட்ட வன அலுவலர். புலிகள் காப்பகமாக இருந்தால் அதற்கென்று துணை இயக்குநர் இருப்பார். அவருக்குக் கீழே காட்டைச் சரகம் சரகமாகப் பிரித்து, ஒவ்வொரு சரகத்துக்கும் ஒரு ரேஞ்சர். அவருக்குக் கீழே வனவர், வனக்காப்பாளர், வனக்காவலர் இருப்பார்கள். கார்டு, வாச்சர் என்று நாம் கூப்பிடுகிறோமே, அவர்கள்தான். இவர்களோடு வேட்டைத் தடுப்புக் காவலர்களும் உண்டு. இதில் பல பேர் இருளர், குறும்பர் போன்ற மலைவாழ் மக்கள். தடம் பார்த்து, சாணம் பார்த்து, யானை போய் எத்தனை நேரம் ஆயிற்று என்று சொல்லக்கூடியவர்கள். ராத்திரியில் நம் தோட்டத்து யானையைத் திருப்பி அனுப்ப முன்னால் நடக்கிறவர்களும் பெரும்பாலும் அவர்களே.

தமிழ்நாட்டில் தேசியப் பூங்காக்கள் 5. கிண்டி, முதுமலை, முக்கூர்த்தி, ஆனைமலையில் உள்ள இந்திரா காந்தி தேசியப் பூங்கா, கடலுக்குள் மன்னார் வளைகுடா. இவை தவிர சரணாலயங்களும் காப்புக்காடுகளும் நிறைய உண்டு. தேசியப் பூங்காவுக்குள் அனுமதி இல்லாமல் போகக் கூடாது. ஆயுதம் கொண்டுபோகக் கூடாது. தீ வைக்கக் கூடாது. மாடு மேய்க்கக் கூடாது. "எங்க பாட்டன் காலத்திலேருந்து மேச்சுட்டு வர்றோமுங்க" என்று சிலர் சொல்வார்கள். வனத்தில் பரம்பரை உரிமை உள்ள மலைவாழ் மக்களுக்கு 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இருக்கிறது. அதன்படி கிராம சபை வழியாக மனு கொடுக்க வேண்டும். அது தனி வழி. அந்த வழியில் போகாமல் தானாகவே உள்ளே போவது குற்றமாகிவிடும்.

இந்த ரேஞ்சருக்குக் கையில் இருக்கும் சட்டங்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டம். இன்னொன்று 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். இரண்டாவது சட்டத்தின் 50-ஆவது பிரிவு வன அலுவலருக்குப் பெரிய அதிகாரம் கொடுக்கிறது. வண்டியை நிறுத்திச் சோதனை போடலாம். கம்பி, துப்பாக்கி, இறைச்சி, வண்டி எதுவானாலும் பறிமுதல் செய்யலாம். வாரண்டு இல்லாமல் கைது செய்யலாம். "இவரென்ன போலீசா?" என்று கேட்டுவிடாதீர்கள். இந்தக் காரியத்தில் அவருக்குப் போலீசுக்கு நிகரான அதிகாரம் இருக்கிறது.

யானை, புலி, சிறுத்தை, கரடி, காட்டெருமை எல்லாம் அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. இவற்றைக் கொன்றால் 3 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. 2022-இல் சட்டத்தைத் திருத்தி அபராதத்தை இப்படிக் கூட்டினார்கள். காட்டுக் கறி கையில் இருந்தாலும் வம்புதான். அது முறையாக வந்தது என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு கையில் வைத்திருப்பவருடையது. ஆகவே "யாரோ கொடுத்தாங்க, வாங்கிட்டேன்" என்ற பேச்சு கோர்ட்டில் எடுபடாது.

நான் வாய் திறக்காத ஒரு நாள்

இதையெல்லாம் ஒரு விரிவாக்க அலுவலர் ஏன் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அதற்குக் காரணம் இருக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் மலையடிவாரத்தில் ஒரு கிராமத்தில் எனக்கு வேலை. அங்கே ஒரு விவசாயி நல்ல உழைப்பாளி. நிலக்கடலை போட்டிருந்தார். 45-ஆம் நாள் மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட வேண்டும் என்று சொல்லப் போயிருந்தேன். வரப்பைச் சுற்றி முழங்கால் உயரத்தில் குச்சி நட்டு மெல்லிய கட்டுக்கம்பி ஓடியிருந்தது. கம்பியின் நுனி மோட்டார் கொட்டகைக்குள் போயிற்று.

"என்னங்க இது?" என்றேன்.

"பன்னி தொல்லை தாங்க முடியலீங்க சார். ராத்திரிக்கு மட்டுந்தான் போடுறது. விடிஞ்சா எடுத்துருவேன்" என்றார்.

எனக்குப் புரிந்தது. நான் விஞ்ஞானம் படித்தவன். அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் "பார்த்துச் செய்யுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நம் இலாகா வேலை இல்லையே, அவர் மனசு நோகுமே என்று ஒரு தயக்கம்.

மூன்று வாரம் கழித்து ஒரு விடியற்காலையில் பக்கத்துக் காட்டுக்காரர், அந்த வாரம் ராத்திரியில்தான் மும்முனை மின்சாரம் வந்தது என்பதால், மோட்டார் போட நடந்து வந்தார். முதல் நாள் மழை பெய்து தரை ஈரம். கம்பியில் கால் பட்டது. அவ்வளவுதான். முப்பது வயதுகூட ஆகாத பிள்ளை. இரண்டு பேரும் பங்காளிகள், ஒரே கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சியவர்கள். ஒரு வீட்டில் சாவு, இன்னொரு வீட்டில் ஜெயில். அந்தக் கடலையை அந்த வருடம் யாரும் பறிக்கவில்லை.

அன்றைக்கு நான் ஐந்து நிமிடம் உட்கார்ந்து விளக்கிச் சொல்லியிருந்தால் அவர் கம்பியை எடுத்திருப்பார் என்றே இன்றும் நினைக்கிறேன். அந்த ஐந்து நிமிடப் பேச்சை இன்றைக்கு உங்களிடம் பேசுகிறேன்.

கரண்டுக் கம்பி ஏன் கொல்லுகிறது?

வீட்டு மின்சாரம் 230 வோல்ட். இது விடாமல் ஓடிக்கொண்டே இருக்கும் மின்சாரம். உடம்பில் பட்டதும் தசை இறுகிக்கொள்ளும். கையை எடுக்க வேண்டும் என்று மனசு நினைத்தாலும் கை விடாது. நெஞ்சு வழியாக ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு ஓடினாலே இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடலாம்.

"ஏதாவது பட்டா பியூஸ் போயிருமே சார்" என்று பல பேர் நம்புகிறார்கள். இது பெரிய தப்பு. மோட்டார் கொட்டகைப் பியூஸ் பல ஆம்பியர் ஓடினால்தான் எரியும். மனிதனைக் கொல்ல அதில் நூறில் ஒரு பங்கு போதும். ஆள் செத்து விழுந்த பிறகும் பியூஸ் அப்படியே இருக்கும், கம்பியில் கரண்டும் அப்படியே இருக்கும். காப்பாற்ற ஓடி வருகிறவரும் அதில் விழுவார். ஒரே கம்பியில் இரண்டு மூன்று பேர் சாவது இதனால்தான்.

அப்படியானால் சோலார் வேலி மட்டும் எப்படிக் கொல்லாமல் இருக்கிறது? அங்கே பேட்டரிக்கும் கம்பிக்கும் நடுவில் எனர்ஜைசர் என்று ஒரு பெட்டி இருக்கிறது. அது ஆயிரக்கணக்கான வோல்ட்டில் ஒரு அடி கொடுக்கும். ஆனால் அந்த அடி ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம்தான். பிறகு ஏறக்குறைய ஒரு நொடி இடைவெளி. அந்த இடைவெளியில் மாடானாலும் மனிதனானாலும் யானையானாலும் விலகிவிடலாம். சுளீர் என்று அடிக்கும், பயம் வரும், உயிர் போகாது. அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு நேராக மின்சாரம் கொடுத்தால் அது வேலியே அல்ல, எமன்.

2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளிப் பக்கத்தில் இப்படி ஒரு கம்பியில் 3 பெண் யானைகள் ஒரே இரவில் செத்தன. இரண்டு குட்டிகள் தாயைச் சுற்றிச் சுற்றி நின்றதை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். நிலத்துக்காரர் கைதானார். அவர் யானையைக் கொல்ல நினைத்தவர் அல்ல. பயிரைக் காக்க நினைத்தவர். சட்டம் கம்பியைத்தான் பார்க்கும், மனசைப் பார்க்காது.

அதே ஆண்டு தமிழக அரசு மின்வேலிக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் சோலார் வேலி போடுவதானாலும் முன்கூட்டியே வனத்துறையின் அனுமதி வாங்கிப் பதிவு செய்ய வேண்டும். ஏற்கெனவே போட்ட வேலியையும் பதிவு செய்ய வேண்டும். எனர்ஜைசர் இந்தியத் தர நிர்ணயத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். சோலார் வேலிக்கு மானியத் திட்டம் வரும்போது வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். கள்ளக் கம்பிக்கு ஆகும் செலவை விட இது கூடத்தான். ஆனால் ஒரு வக்கீலுக்குக் கொடுக்கும் பணத்தை விடக் குறைவு.

அவுட்டுக்காயும் சுருக்குக் கம்பியும்

பன்றிக்கு என்று சிலர் அவுட்டுக்காய் வைக்கிறார்கள். மாவுக்குள் வெடி. அதைப் பன்றிதான் தின்னும் என்று யார் உத்தரவாதம் கொடுத்தது? நம் மாடு தின்னும். நாய் கவ்வும். பிள்ளைகள் பந்து என்று எடுக்கும். 2020 மே மாதம் கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்தில் ஒரு சினை யானை வெடி வைத்த காயைக் கடித்து வாய் கிழிந்து, எரிச்சல் தாங்காமல் ஆற்றுத் தண்ணீரில் போய் நின்றபடியே செத்தது. எத்தனை நாள் பட்டினி கிடந்ததோ!

சுருக்குக் கம்பியும் அப்படித்தான். முயலுக்கு என்று கட்டியதில் சிறுத்தை மாட்டும். மாட்டிய சிறுத்தை சும்மா இருக்குமா? அதை விடுவிக்கப் போகும் வாச்சர் மேல் பாயும். ரேஞ்சரின் ஆட்கள் வேலியோரம் குனிந்து குனிந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். கம்பி தேடித்தான் போகிறார்கள்.

"அப்போ பன்னியை என்னதான் பண்றது?" நியாயமான கேள்வி. 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முறையை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றியை வனத்துறையினரே சுடலாம். கவனியுங்கள், வனத்துறையினர்தான் சுட வேண்டும், நாம் அல்ல. எந்த வயல், எத்தனை நாளாக, எவ்வளவு சேதம் என்று எழுதி மனுக் கொடுத்தால்தான் அது நடக்கும். ஊரார் சேர்ந்து கொடுத்தால் இன்னும் நல்லது.

மாட்டைப் புலி அடித்தால்

பால் மாடு போனால் வயிறு எரியத்தான் செய்யும். அந்த எரிச்சலில் சிலர் செத்த மாட்டின் மேல் பூச்சி மருந்தைத் தெளித்துவிடுகிறார்கள். 2023 செப்டம்பரில் நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் இப்படி 2 புலிகள் செத்துக் கிடந்தன. மாட்டுக்காரர் கைதானார். பயிருக்கு அடிக்க என்று நாங்கள் சொல்லிக் கொடுத்த மருந்து அப்படிப் பயன்பட்டதைக் கேட்டபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. புலியோடு அது நிற்பதில்லை. அந்த மாட்டைத் தின்னும் கழுகு, நாய், ஓடைக்குப் போகும் தண்ணீர் எல்லாம் விஷமாகும்.

சரி, முறை என்ன? மாட்டைப் புலியோ சிறுத்தையோ அடித்தால் அந்த இடத்திலேயே விடுங்கள். இழுத்துப் போடாதீர்கள், புதைக்காதீர்கள். உடனே சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். அவர்கள் வந்து பல் தடம், கால் தடம் பார்ப்பார்கள். கால்நடை மருத்துவர் வந்து சான்று கொடுப்பார். அந்தச் சான்று இருந்தால்தான் நிவாரணம். மாட்டை அகற்றிவிட்டால் சாட்சி போயிற்று.

பயிர்ச் சேதத்துக்கும் இதே வழிதான். விடிந்ததும் போன் செய்யுங்கள். செல்போனில் படம் எடுங்கள். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகல் நான்கையும் ஒரு பையில் எப்போதும் தயாராக வையுங்கள். வி.ஏ.ஓ.வும் எங்கள் துறையோ தோட்டக்கலைத் துறையோ வந்து எவ்வளவு பரப்பு, எந்தப் பருவப் பயிர் என்று பார்த்து எழுதிக் கொடுப்போம். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். வரும் பணம் போன வெள்ளாமைக்கு ஈடாகாது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் மனு கொடுங்கள். எந்த ஊரில் சேதம் அதிகம் என்று கணக்கு இருந்தால்தான் அங்கே அகழியும் காவலும் கேட்க முடியும்.

காடு பற்றினால்

ரேஞ்சருக்குத் தை, மாசியிலிருந்து வைகாசி வரை தூக்கம் இல்லை. தீக் காலம். 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் உயிர் விட்டார்கள். பெரும்பாலும் இளம் வயதுப் பிள்ளைகள். முதலில் ஓடிப்போய்த் தூக்கி வந்தவர்களில் உள்ளூர் மக்களும் தோட்டத் தொழிலாளர்களும் உண்டு. அதற்குப் பிறகு அதே ஆண்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன.

அதில் நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. தீ மேட்டை நோக்கித்தான் வேகமாக ஓடும். கீழே எரியும் சூடு மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடும். ஆகவே தீயைக் கண்டால் மேட்டுப் பக்கம் ஓடாதீர்கள். பக்கவாட்டில் விலகுங்கள். புல் இல்லாத பாறை, ஏற்கெனவே எரிந்து முடிந்த தரை, ஓடை ஆகிய இடங்கள் தப்பிக்க ஏற்றவை.

காட்டு ஓரத்தில் கரும்புத் தோகையையும் சருகையும் கொளுத்தும் வழக்கம் நம்மிடம் உண்டு. மாசிக் காற்றில் ஒரு பொறி போதும். "தீ வச்சா மழைக்குப் புதுப் புல் வரும்" என்று சிலர் காட்டுக்கே வைக்கிறார்கள். வருவது ஒரு மாதப் புல். போவது மேல் மண். மேல் மண் போனால் மழைத் தண்ணீர் நிலத்துக்குள் இறங்காது, ஓடையில் ஒரே நாளில் ஓடிவிடும். அடுத்த சித்திரையில் நம் கிணறுதான் வற்றும். தோகையைக் கொளுத்தாமல் மூடாக்காகப் போட்டால் ஈரமும் நிற்கும், எருவும் ஆகும்.

யானை வந்த இரவு

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வருகிறோம். யானை வந்தால் என்ன செய்வது?

முதலில் போன். சரக அலுவலக எண்ணையும் உங்கள் பகுதி வனக்காப்பாளர் எண்ணையும் இன்றைக்கே கேட்டு வாங்கி வீட்டுச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். ஆளுக்கு ஆபத்து என்றால் 108, காவல் துறைக்கு 112.

கல் எறியாதீர்கள். தீப்பந்தம் எறியாதீர்கள். 2021 ஜனவரியில் மசினகுடியில் எரியும் டயரை யானை மேல் எறிந்தார்கள். காது வெந்து, சில நாளில் அந்த யானை செத்தது. எறிந்தவர்கள் கைதானார்கள். அடிபட்ட யானை அடுத்த தடவை பயந்து போகாது, பழிவாங்கவும் வரலாம். தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் நிற்காதீர்கள். யானை வந்த வழியை அடைக்காதீர்கள். போவதற்கு வழி இருந்தால்தான் அது போகும். காவல் பரணில் குடித்துவிட்டுப் படுப்பதை விட்டுவிடுங்கள். யானைக்கு மூக்கு நம்மை விடப் பல மடங்கு கூர்மை.

கூட்டம் கூடாதீர்கள். எந்த ரேஞ்சரைக் கேட்டாலும் யானையை விடக் கூட்டத்தைச் சமாளிப்பதுதான் கஷ்டம் என்பார். 2023 மே மாதம் அரிக்கொம்பன் யானை கம்பம் நகரத் தெருவுக்குள் வந்ததே, அப்போது எத்தனை பேர் செல்போனைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார்கள்! ஜூன் மாதம் அதைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டில் விட்டார்கள். 2021-இல் கூடலூர், மசினகுடிப் பக்கம் 4 பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட டி-23 புலியைப் பிடிக்க மூன்று வாரம் ஆயிற்று. கும்கி யானை, மோப்ப நாய், டிரோன் எல்லாம் வந்தன. கடைசியில் அக்டோபர் 15-ஆம் தேதி மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்தார்கள். மயக்க ஊசி சினிமாவில் காட்டுவது போல உடனே வேலை செய்யாது. ஊசி பட்ட விலங்கு சிறிது நேரம் ஓடும். அது ஓடும் பக்கம் ஜனம் நின்றால் யார் பொறுப்பு?

வீட்டுக்குள்ளோ கொட்டகைக்குள்ளோ சிறுத்தை புகுந்தால் கதவை வெளியே சாத்தித் தாழ் போட்டுவிட்டு விலகிவிடுங்கள். அதுவே பாதி வேலை.

தோட்டத்துக் கிணற்றையும் கவனியுங்கள். 2020 நவம்பரில் தருமபுரி மாவட்டம் பஞ்சப்பள்ளிப் பக்கம் ஆழமான கிணற்றில் ஒரு யானை விழுந்துவிட்டது. மயக்க மருந்து கொடுத்து, கிரேன் வைத்து, பல மணி நேரம் போராடி மேலே எடுத்தார்கள். சுற்றுச்சுவர் இல்லாத கிணறு யானைக்கு மட்டுமா ஆபத்து? நம் வீட்டுக் குழந்தைக்கும் ஆபத்து.

பயிர் விஷயத்தில் என் யோசனை இது. காட்டை ஒட்டிய வயலில் வாழை, கரும்பு, மக்காச்சோளம் போடுவது யானைக்கு இலை போட்டு அழைப்பது போல. அந்த ஓரத்து வயலில் மிளகாய், மஞ்சள் போன்றவற்றைப் பாருங்கள். ராகி போட்டால் பால் பிடிக்கும் காலத்திலிருந்து அறுவடை வரை ஊரார் முறை வைத்துக் காவல் காக்க வேண்டும். நெல் மூட்டை, உப்பு, வெல்லம் இவற்றைக் காட்டோர வீட்டில் அடுக்கி வைக்காதீர்கள். வாசனைக்குச் சுவரை இடித்துவிடும்.

உங்கள் உரிமையும் தெரிந்திருக்கட்டும்

வனத்துறையைப் பற்றி உங்களுக்கு மனத்தாங்கல் இருக்கும். கூப்பிட்டால் தாமதமாக வருகிறார்கள், வந்தால் அதட்டுகிறார்கள் என்பீர்கள். சில இடத்தில் அது உண்மையும்கூட. ஆனால் ஒரு சரகத்தில் கைவிரல் விட்டு எண்ணும் ஆட்கள், ஒரு ஜீப், ஒரே இரவில் மூன்று ஊரில் யானை என்றால் அவர்களும் என்ன செய்வார்கள்? அந்த வாச்சரும் நம்மைப் போல் ஒரு வீட்டுப் பிள்ளை. யானை விரட்டப் போய்த் திரும்பி வராத காவலர்களும் இருக்கிறார்கள்.

அதற்காக நம் உரிமையை விட வேண்டியதில்லை. எதையாவது பறிமுதல் செய்தால் மகசர் எழுதச் சொல்லுங்கள். என்ன குற்றம், எந்தப் பிரிவு என்று மரியாதையாகக் கேளுங்கள். கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் கொண்டு போக வேண்டும் என்பது அரசியல் சட்டம். எழுதிய வாக்குமூலத்தைப் படித்துக் காட்டச் சொல்லி, பிறகே கையெழுத்துப் போடுங்கள். உதவி வனப் பாதுகாவலர் அந்தஸ்தில் உள்ளவர் முறைப்படி பதிவு செய்யும் வாக்குமூலம் கோர்ட்டில் சாட்சியமாகும். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். உயிருக்கு நேராக ஆபத்து வந்து, தற்காப்புக்காக விலங்கைக் கொல்ல நேர்ந்தால் அது குற்றமாகாது என்றும் அதே 1972-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லுகிறது. ஆனால் நீங்கள் சட்ட விரோதமான காரியம் செய்துகொண்டிருந்தபோது நேர்ந்ததாக இருக்கக் கூடாது.

சுருக்கமாகச் சொல்கிறேன், மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பியில் நேர் கரண்டு வேண்டாம். வெடியும் சுருக்கும் வேண்டாம். செத்த மாட்டில் மருந்து வேண்டாம். காட்டோரம் தீ வேண்டாம். யானையைக் கண்டால் கூட்டம் வேண்டாம். சரகத்துப் போன் நம்பர் மட்டும் கட்டாயம் வேண்டும்.

இன்று சாயங்காலம் உங்கள் வரப்பைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். உங்கள் பக்கத்துக் காட்டில் அப்படி ஒரு கம்பி கண்ணில் பட்டால், நான் வந்தது போலப் பேசாமல் வந்துவிடாதீர்கள். அண்ணே, மாமா என்று உறவு சொல்லிக் கூப்பிட்டு, உட்கார்ந்து எடுத்துச் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் மின்வாரியத்துக்கோ சரகத்துக்கோ சொல்லுங்கள். அன்றைக்குக் கோபித்துக்கொள்வார். ஆனால் அவரும் ஜெயிலுக்குப் போகாமல் இருப்பார், இன்னொருவரும் விடியற்காலையில் மோட்டார் போட்டுவிட்டு வீடு திரும்புவார்.